பில்டு விழுந்த செய்தி கண்ணில் பட வேண்டும்

நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஜென்கின்ஸிலிருந்து, குழு அரட்டைச் செயலியான ஸ்லாக்குக்குச் செய்தி அனுப்புவது சிறு வேலைதான். ஆனால் ஒவ்வொரு பில்டுக்கும், அதாவது அப்படிக் கட்டிச் சோதிக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும், "சக்ஸஸ்" என்று கொட்டும் சேனலைச் சீக்கிரமே எல்லோரும் மியூட் செய்துவிடுவார்கள். பிறகு எல்லோரும் நம்பியிருக்கும் முதன்மை நிரல் கிளையான மெயின் பிராஞ்ச் உடைந்தாலும் யார் கண்ணிலும் படாது.

அதனால் பைப்லைனின் (பில்டு ஓடும் படிகளின் வரிசை) போஸ்ட் பகுதியில், அதாவது ஓட்டம் முடிந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லும் இடத்தில், ஆல்வேஸ், சக்ஸஸ் என்ற நிபந்தனைகள் இரண்டும் வேண்டாம். ரெக்ரெஷன், ஃபிக்ஸ்டு போதும். நன்றாக ஓடியது விழுந்தால் ரெக்ரெஷன், விழுந்தது சரியானால் ஃபிக்ஸ்டு. பில்டை ஒருவர் கையால் நிறுத்தினாலும் ரெக்ரெஷன் கிளம்பும் என்பதால், செய்தியில் பில்டின் நிலையையும் எழுதுங்கள். கூடவே பிராஞ்ச், விழுந்த ஸ்டேஜ் (படி), கமிட் (நிரல் மாற்றம்) போட்டவர், கன்சோல் லாக்கின் (பில்டு ஓடிய பதிவு) லிங்க். நாள்கணக்கில் உடைந்தே கிடக்கும் பில்டுக்கு ரெக்ரெஷன் ஒரே ஒருமுறைதான் பேசும். அதற்குத் தினமும் காலையில் ஒரு நினைவூட்டல் தனியாக வையுங்கள்.

ஸ்லாக் சேனலுக்குச் செய்தியை ஏற்கும் இணைய முகவரிதான் வெப்ஹூக். அதைக் கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி மூலம் அழைப்பவர்கள் அதிகம் இடறுவது, செய்தியை அனுப்பும் தரவு வடிவமான ஜேசனில்தான். கமிட் போட்டவர் எழுதிய குறிப்பை அப்படியே ஒட்டினால், அதில் ஒரு இரட்டை மேற்கோள்குறி இருந்தாலே ஜேசன் உடைந்து, ஸ்லாக் 400 பிழையைத் திருப்பும். கர்லோ ஃபெயில் ஆப்ஷன் தராதவரை அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். செய்தி வராததே யாருக்கும் தெரியாது. ஜேசனை, அதற்கென்றே உள்ள ஜேக்யூ என்ற கருவி கொண்டு கட்டுங்கள். ஃபெயில் ஆப்ஷனோடு 10 விநாடி டைம்அவுட்டும் கொடுங்கள். அனுப்புவதில் பிழை வந்தால் லாக்கில் பதிவாகட்டும், பில்டு மட்டும் விழக் கூடாது. ஸ்லாக் படுத்துவிட்டது என்பதற்காக ரிலீஸ் நிற்பது அநியாயம்.

சேனலில் அப்போது இருப்பவர்களை அழைக்க வெறுமனே அட் ஹியர் (@here) என்று எழுதினால் வெப்ஹூக் வழியாக யாருக்கும் மணி அடிக்காது. ஆச்சரியக்குறியும் ஹியர் என்ற சொல்லும் கோண அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். ஒருவரை மட்டும் அழைக்க, அவருடைய மெம்பர் ஐடி வேண்டும், பெயர் உதவாது.

வெப்ஹூக் முகவரியே ஒரு கடவுச்சொல். அது கையில் இருக்கும் எவரும் உங்கள் சேனலில் எழுதலாம். ரகசியங்களைக் காக்கும் ஜென்கின்ஸ் கிரெடென்ஷியல்ஸில் வையுங்கள், பைப்லைனை எழுதும் ஜென்கின்ஸ்ஃபைலில் எழுதவே எழுதாதீர்கள்.

"சரியாகிவிட்டது" என்ற செய்தி, விழுந்த செய்தியின் திரெட்டிலேயே (அதன் கீழ் வரும் பதில் தொடர்) வந்தால் படிக்க எவ்வளவோ சுகம். வெப்ஹூக் இதற்குப் போதாது, அனுப்பிய செய்தியை அடையாளம் காட்டும் டைம்ஸ்டாம்ப்பை அது திருப்பித் தருவதில்லை. ஸ்லாக்கின் பாட் டோக்கனுக்கு (பாட் கணக்கின் சாவி) மாறி, அந்த டைம்ஸ்டாம்ப்பைப் பிராஞ்ச் வாரியாகச் சேமித்து வைக்க வேண்டும்.