ஜெபக் கூட்டத்தில் புகுந்து கத்தினால்

வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை சந்து வீடுகளில் உபவாச ஜெபம் நடத்தும் சிஸ்டர்களுக்கு.

வாசலில் நாலு பேர் வந்து ‘மதம் மாத்துறீங்களா’ என்று கத்தினால் வாதாட வேண்டாம். ஒருவர் வீடியோ எடுக்கட்டும், இன்னொருவர் 112ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் பாட்டை நிறுத்தத் தேவையில்லை.

பெரும்பாலும் சறுக்குவது புகார் மனுவில்தான். ‘தகராறு செய்தார்கள்’ என்று மட்டும் எழுதினால் அது அக்கம்பக்கச் சண்டையாகிவிடும், போலீசார் சி.எஸ்.ஆர். ரசீது (வழக்குப் பதியாமல், மனு வாங்கியதற்கு மட்டும் தருவது) கொடுத்து, சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். ‘ஜெபம் நடக்கும்போது, இத்தனை மணிக்கு, இன்ன வார்த்தை சொல்லித் தடுத்தார்கள்’ என்று இருக்க வேண்டும். வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 300இன் கீழ் குற்றம் (பழைய இ.பி.கோ. 296), ஓராண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் அதே மனுவைத் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, பிறகுதான் மாஜிஸ்திரேட்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். எடுத்த போனிலேயே இருக்கட்டும். கோர்ட்டில் அதற்கு மின்னணுச் சாட்சியச் சான்றிதழ் கேட்பார்கள்.

சாட்சி சொல்லப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 179. இது சில எஸ்.ஐ.க்களுக்கே மறந்துபோகும்.

அப்புறம் அந்த மைக் செட். பத்துக்குப் பத்து அறைக்கு எதற்கு? குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல்தான். தாண்டினால் புகார் நம் பக்கமே திரும்பும்.