சம்பந்தியம்மாவுக்கு ஒரு வரி

ஜூன் 9, திங்கள்

ஸ்பெயினில், வலென்சியாவில் இருக்கிற சம்பந்தியம்மாவிடமிருந்து வாட்ஸ்அப். ஸ்பானிஷில் நாலு வரி. கீழே மகள் இங்கிலீஷில் போட்டிருந்தாள்: என்னைப் பார்க்கப்போவதில் அவர் ரொம்ப எக்ஸைட்டடாக இருக்கிறாராம். நானும் அதையேதான் பதிலாகச் சொல்ல வேண்டும். ஆனால் மகள் மூலமாக வேண்டாம், மொபைல் மாற்றிக் கொடுக்கிற ஸ்பானிஷும் வேண்டாம். ஒரு வரி போதும், நானே எழுதியதாக இருக்கட்டும். பெண் கொடுக்கிற இடம். முதல் வார்த்தையை ஆள் வைத்துச் சொல்ல மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்காரருக்கு ராத்திரி முழுக்க இருமல்.

ஜூன் 10

எக்ஸைட்டட் என்று தேடினால் முதலில் எக்ஸிதாதா வந்து நிற்கிறது. இரண்டும் ஒரே லத்தீன் வேர். "அம்மா, அதை மட்டும் தொடாதே, மனுஷங்களுக்குச் சொன்னா வேற அர்த்தம்" என்று மகள் முன்னாடியே சொல்லி வைத்திருந்தாள். என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டிய அவசியம் இல்லை. அவரிடம் சொன்னேன். படுத்தபடியே, "எலக்ட்ரானுக்கு அதே வார்த்தைதான். அங்க தப்பில்ல" என்றார். முப்பது வருஷம் பிசிக்ஸ் எடுத்த குரல் இந்த வாரத்தில் முதல் தடவையாக எட்டிப் பார்த்தது.

ஜூன் 11

நாளைக்கு மேட்டூர் திறக்கிறார்களா என்று மூணு தரம் கேட்டுவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

திறந்துவிட்டார்கள். ஜூன் 12 என்றால் ஜூன் 12. எத்தனையோ வருஷம் இந்தத் தேதி தவறிப் போனதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். டிவியில் மதகுக்கு மேலே நின்று பூ தூவினார்கள். அவர் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

ஸ்பெயின்காரர்கள் இதைத்தான் எமோசியோனாதோ என்பார்கள். பெண்ணுக்கு எமோசியோனாதா. மெக்ஸிகோ பக்கம் எக்ஸைட்டடுக்கு அதுவே போதுமாம், வலென்சியாவில் அது பெரும்பாலும் நெஞ்சு நெகிழ்ந்த நிலை. சம்பந்தியம்மாவை நேரில் கட்டிக்கொள்ளும்போது வேண்டுமானால் நான் அப்படி ஆவேன். இப்போதே எழுதினால் அழுகிறேன் என்று நினைத்துவிடுவார்.

இன்று அங்கேயும் வியாழக்கிழமை. வலென்சியாவில் வியாழன்தோறும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, நமக்கு மூணரைக்கு, பேராலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். எட்டு வாய்க்கால்காரர்கள் உட்கார்ந்து தண்ணீர்த் தகராறு தீர்ப்பார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான். யுனெஸ்கோ 2009இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சம்பந்தியம்மா வீட்டுக்கு அல்புஃபேரா ஏரிப் பக்கம் நெல்வயல் இருக்கிறது. மே மாதம் விதைத்து செப்டம்பரில் அறுப்பு. தண்ணீர் வரும் என்று உட்கார்ந்திருப்பதை இவரிடம் சொன்னால் புரியும்.

ஜூன் 13

ரிப்போர்ட் வரவில்லை.

மகள் சொல்லும் வார்த்தை இலுசியோன். "மே ஆஸே இலுசியோன்" என்றால் நடக்கப்போகிற ஒன்றை நினைத்தே மனசு பூரிப்பது. குழந்தைகள் ஜனவரி 6இல் பரிசு கொண்டுவரும் மூன்று ராஜாக்களுக்காகக் காத்திருப்பதற்கும் இதே சொல். ஆனால் ஸ்பானிஷில் மாயைக்கும் இலுசியோன்தான். இந்த வீட்டில் இந்த வாரம் அந்த வார்த்தையை என் கையால் எப்படி எழுதுவேன்? டாக்டர் முகத்தைப் பார்த்து ஒன்று நினைக்கிறேன், நர்ஸ் பேச்சைக் கேட்டு ஒன்று நினைக்கிறேன். ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் இங்கே இருப்பார்கள், அவர் வேட்டி கட்டித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேனே, அது இதில் எந்த இலுசியோன்?

வேண்டாம். வேறு பார்க்கலாம்.

ஜூன் 14

கானாஸ். "தெங்கோ முச்சாஸ் கானாஸ்", ரொம்ப ஆசையாக இருக்கிறது. ஐஸ்க்ரீம் சாப்பிடவும் இதையே சொல்லலாமாம். சம்பந்திக்கு அது பத்தாது.

ஜூன் 15

கல்லணையும் திறந்தாச்சு. ரிப்போர்ட் செவ்வாயாம்.

எஸ்பேரோ என்றால் காத்திருக்கிறேன். நம்புகிறேன் என்றாலும் எஸ்பேரோ. ஆஸ்பத்திரி பெஞ்சில் இது எனக்குத் தெரிந்திருக்கலாம்.

ஜூன் 17

ஆற்றில் தண்ணி.

காலையில் புஷ்ய மண்டபத்துறைக்கு ஓடினேன். நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும் முன்னால் தள்ளிக்கொண்டு, மணலில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நாக்கு நீட்டியபடி வந்தது. குழி இருந்த இடத்தில் நின்று நிரப்பிவிட்டுத்தான் நகர்ந்தது. ஒரு பாட்டி நெல்லும் பூவும் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் ஒரு வயலில் ஆடுதுறை 43 நாற்று சாண் உயரம் நிற்கிறது. மேட்டூர் திறப்பதற்கு முன்பே போர் தண்ணியில் விட்டது. ஆறு வரும் என்றுதானே விட்டார்கள்? இதற்கு யாரும் மாயை என்று பேர் வைக்கவில்லை. இலுசியோனே இருக்கட்டும்.

இன்னொன்றும் பிடித்திருக்கிறது. இங்கிலீஷில் நான் முன்னால் வந்து நிற்க வேண்டும். இதில் அவரைச் சந்திக்கப்போவதுதான் முன்னால் நிற்கிறது, அது எனக்குப் பூரிப்பைத் தருகிறது. எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கும் என்று பேசிப் பழகிய நாக்குக்கு இது சுலபம்.

ரிப்போர்ட் வந்தது. இன்னொரு ஸ்கேன் வேண்டுமாம்.

ஜூன் 18

அனுப்பிவிட்டேன். "கொன்சுவேக்ரா, மே ஆஸே முச்சா இலுசியோன் கொனோஸேர்தே." சம்பந்தி, உன்னைச் சந்திக்கப்போவது எனக்கு அவ்வளவு பூரிப்பு. இங்கிலீஷில் சம்பந்திக்கு ஒற்றைச் சொல் கிடையாது, ஸ்பானிஷில் இருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷம்! உன்னை என்று எழுதத்தான் கை கூசியது. உஸ்தேத் போட்டால் நீங்கள் ஆகும். "அப்படிப் போட்டா தள்ளி நிறுத்துற மாதிரி இருக்கும்மா" என்றாள் மகள். சரி.

பத்தே நிமிஷத்தில் பதில்: "ஆ மி தம்பியேன், கொன்சுவேக்ரா." நானும் என்று இல்லை, எனக்கும் என்றே சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

ஜூன் 19

ஸ்கேன் எட்டு மணிக்கு. வெறும் வயிறு. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு.