கில்லியன் உரை: சில நாட்குறிப்புகள்

ஏப்ரல் 7

வேலை முடிந்து கெண்டல் ஸ்கொயரில் ரயில் ஏறாமல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) வளாகம் வழியாக ஆற்றங்கரைக்கு நடந்தேன். கில்லியன் கோர்ட் புல்வெளி இன்னும் பச்சை பிடிக்கவில்லை. சுற்றியிருக்கும் கட்டடங்களின் உச்சியில் அரிஸ்டாட்டில், நியூட்டன், டார்வின், பாஸ்டர், ஃபாரடே என்று பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். உயிரோடு இருக்கிற ஆசிரியருக்கு வேறு மரியாதை: மேடையையும் மைக்கையும் கொடுத்துவிட்டு, மற்ற துறைக்காரர்கள் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள்.

அதுதான் ஆண்டுதோறும் நடக்கும் கில்லியன் உரை. ஜேம்ஸ் கில்லியன் இங்கே 10ஆவது தலைவராக இருந்தவர். 1957இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்க அதிபர் ஐசனோவர் தன் அறிவியல் ஆலோசகராக அழைத்துக்கொண்டார். அவர் பெயரில் 1971இல் ஒரு விருதை ஏற்படுத்தினார்கள். அதைப் பெறுபவர் தருவதுதான் இந்த உரை. ஆளைத் தேர்ந்தெடுப்பது சக பேராசிரியர்களின் குழு. எனக்குப் பிடித்தது இந்த ஒரு விஷயம்தான். மற்றபடி விருதுகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

ஏப்ரல் 9

2023-24ஆம் ஆண்டு உரையின் பதிவைப் போட்டேன். பேசுபவர் பவுலா ஹாமண்ட், வேதிப்பொறியாளர். இளங்கலையும் முனைவர் பட்டமும் எம்.ஐ.டி.யில், 1995 முதல் அங்கேயே ஆசிரியர். பாதியில் தூங்கிவிட்டேன். அவர்மேல் குற்றமில்லை, விடிகாலையிலேயே எழுந்தவள் நான்.

ஏப்ரல் 10

மீதியையும் பார்த்தாயிற்று. அவருடைய கட்டுரைகள் சிலவற்றையும் மறுபடி எடுத்தேன். நான் பிழைப்புக்குச் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலை என்பதால் விட மனம் வரவில்லை.

விஷயம் கேட்க எளிது. சுமார் 100 நானோமீட்டர் அளவில் ஒரு கொழுப்புக் குமிழி, அதாவது லிப்போசோம். அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருந்தால், நேர்மின்னூட்டம் உள்ள பாலிமர், அதாவது நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறு, தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு எதிர்மின்னூட்ட பாலிமரைச் சேர்த்தால் அதன்மேல் அடுத்த அடுக்கு. 1990களின் தொடக்கத்தில் கெரோ டெக்கர் கண்ணாடித் தகடுகளை இப்படி மாற்றி மாற்றித் தோய்த்துக் காட்டினார்.

தகட்டில் செய்யலாம். துகளில் செய்கிறவர்களுக்குத்தான் பாடு தெரியும். பாலிமர் கொஞ்சம் குறைந்தால் போதும், ஒரே சங்கிலி இரண்டு மூன்று துகள்களைச் சேர்த்துப் பிடித்துவிடும். லேசாக நீலம் பாய்ந்த தெளிவான திரவம், கண்ணெதிரே பால் திரிந்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் என்ன, குப்பிதான் காலி. சரியாக வந்தால், துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் ஜீட்டா மதிப்பு கருவியில் ஒவ்வொரு அடுக்குக்கும் மைனஸிலிருந்து பிளஸுக்கும், பிளஸிலிருந்து மைனஸுக்கும் தாவும். அந்த எண் தாவும்போது வருகிற சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? சினைப்பைப் புற்றுநோய்க்கு. பெரும்பாலும் வயிற்றுக்குள் பரவிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களை உசுப்பிவிடும் ஐ.எல்.-12 என்ற புரதம் உதவும் என்பது தெரிந்ததுதான். ஆனால் 1990களில் அதை நேரடியாக ரத்தத்தில் செலுத்திய ஒரு சோதனையில் 17 பேரில் 2 பேர் இறந்தார்கள். மருந்து நல்லதுதான், போன இடம்தான் தவறு. ஹாமண்ட் குழு ஐ.எல்.-12ஐச் சுமக்கும் துகளுக்கு வெளி அடுக்காக பாலிகுளூட்டமேட் என்ற பாலிமரைப் பூசுகிறது. அது இந்தப் புற்றுச் செல்களின் வெளிப்புறத்திலேயே ஒட்டி நிற்கும், சட்டென்று உள்ளே போகாது. ஐ.எல்.-12 வேலை செய்ய வேண்டியதும் செல்லுக்கு வெளியேதான். எலிகளில் நன்றாக வேலை செய்திருக்கிறது. எலி எலிதான், சரி.

ஏப்ரல் 12

அம்மா போனில். விருது பற்றிச் சொன்னேன்.

"ஏம்மா, பரிசு வாங்குனவங்களே ஒரு மணி நேரம் பேசணுமா? மத்தவங்க அவங்களப் பத்திப் பேச மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. நான் படித்த கல்லூரியில் ஆராய்ச்சிக்காக ஒருவரைப் பாராட்டினால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து, கடைசியில் அவருக்கு ஏற்புரை என்று பத்து நிமிடம் கிடைக்கும். அதிலும் பாதி நன்றி. அவர் என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டு யாரும் வீடு போனதில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னால், "பொன்னாடை போட்டா என்ன தப்பு?" என்கிறாள். தப்பே இல்லை. அதோடு நாற்பது நிமிடமும் கொடுத்தால் போதும்.

ஏப்ரல் 15

லேபில் இன்று இதே பேச்சு. மதுரைக்காரத் தம்பி ஒருவன் இருக்கிறான், எதற்கும் மறுபக்கம் நிற்பான். "அக்கா, அவங்க ஏற்கெனவே அறிவியல், பொறியியல், மருத்துவம்னு மூணு தேசிய அகாடமியிலும் உறுப்பினர். இன்னொரு விருது எதுக்கு? இருக்கிறவங்களுக்கே குடுக்கிறாங்க."

அது உண்மைதான். இருபது வருடமாகக் குப்பியைக் கழுவி அடுக்கு ஏற்றிய மாணவர்களின் பெயர் நன்றி ஸ்லைடில் சின்ன எழுத்தில்தான் வரும். ஆனாலும் விருதையும் உரையையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. விருது அவருக்கு. உரை, பாலிமர் என்றால் என்னவென்றே தெரியாத பொருளாதாரப் பேராசிரியருக்கு. எத்தனை கட்டுரை எழுதினாலும் அந்த ஆளுக்குப் புரியவைக்க வேண்டிய கட்டாயம் வேறெங்கும் வராது. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. காபி மட்டும் வாங்கிக் கொடுத்தான்.

ஏப்ரல் 18

அடுத்த ஆள் யார் என்பது வழக்கமாக மே மாதம் தெரிந்துவிடும். கணிதத்திலிருந்து வரும் என்று தம்பி பந்தயம் கட்டுகிறான். யாராக இருந்தாலும் இந்த முறை நேரில் போக வேண்டும். அன்று மாலை கழுவ வேண்டிய துகள் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.