நூலகத் தாழ்வாரத்தில் ஒரு மனு மேசை: எங்கள் அனுபவம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் தாழ்வாரத்தில் புதன்கிழமை மாலை 4 மணிக்கு ஒரு மேசை போடுகிறோம். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது என்று எந்த மனுவாக இருந்தாலும் காசு வாங்காமல் எழுதித் தருகிறோம். இதைத் தொடங்க ஐந்து மாதம் ஆனது. பக்கத்து ஊர் வாசகர் வட்டத்துக்காரர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஒரு பாட்டி வந்ததுதான் ஆரம்பம். "இது கவர்மென்ட் ஆபீஸுதானே சார், இதைப் பாருங்க" என்று நூலகரிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். முதியோர் உதவித்தொகை மனு தள்ளுபடியாகியிருந்தது. எழுதிக் கொடுத்தவருக்கு 500 ரூபாய் கொடுத்திருக்கிறார், கிடைத்தால் மாதம் 1,200 ரூபாய் என்ற நம்பிக்கையில். ஆதாரில் ஒரு வயது, குடும்ப அட்டையில் ஒரு வயது, அதுதான் சிக்கல். அதை அவருக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை. நூலகர் உட்கார வைத்துச் சொன்னார். மறுநாள் பாட்டி தன் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சரி, வாசகர் வட்டம் இதைக் கையில் எடுக்கலாம் என்று முடிவு செய்து, நலத்திட்டங்கள் பற்றி ஒரு சொற்பொழிவு வைத்தோம். பதினோரு பேர் வந்தார்கள், அதில் ஒன்பது பேர் எங்கள் உறுப்பினர்கள். அதன் பிறகுதான் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்கு நாங்களே போய் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்டோம். ஒரு அக்கா சொன்னார்: "திட்டமெல்லாம் எங்களுக்குத் தெரியும் தம்பி. மனு திரும்பி வந்தா ஏன்னு சொல்லத்தான் ஆள் இல்ல." இன்னொருவர் கேட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை: "லைப்ரரிக்குள்ள நாங்க வரலாமா, கார்டு கேப்பாங்களா?" சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது, அவர்கள் வீட்டு வரியிலும் அது இருக்கிறது, உட்கார்ந்து படிக்க உறுப்பினராக இருக்கவே வேண்டாம். இத்தனை வருடம் இதை அவர்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறோமே என்று வருத்தமாக இருந்தது.

நூலகம் படிக்கிற இடம், மனு எழுதும் இடமில்லை என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் சொன்னார்கள். 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சனங்களைத் தேடிப் போனதே நூலகம்தான், நாம் தாழ்வாரத்தில் ஒரு மேசை போடக் கூடாதா என்று பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தோம்.

அனுமதிக்கு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. திரும்பப் படித்தால் தப்பு எங்களுடையதுதான், "இடம் வேண்டும்" என்பதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது கடிதத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம், யார் பொறுப்பு, நூலகருக்குக் கூடுதல் வேலை இல்லை, பணம் வாங்க மாட்டோம், கட்சிப் பதாகை எதுவும் இருக்காது என்று விவரமாக எழுதினோம். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை. புதன் எங்கள் ஊர்ச் சந்தை நாள், சுற்றுக் கிராமத்து ஆட்கள் எப்படியும் வருவார்கள், அதனால் புதன்.

நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கும் போனோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, ஆனால் அதைச் சொல்ல ஆட்கள் கூடும் இடம் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. மாதம் இரண்டு புதன் ஒரு சட்டத் தன்னார்வலர் வருகிறார். மற்ற நாளில் கேட்பவர்களுக்காக இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் வாராவாரம் வருகிறார். அவர் இல்லையென்றால் இந்த மேசையே இல்லை, எந்தக் காகிதம் விட்டுப்போனால் மனு எந்த மேசையில் நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும். எழுதுவதற்குக் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வந்தார்கள், தேர்வு வந்ததும் நின்றுவிட்டார்கள். அப்புறம் சுயஉதவிக் குழுப் பெண்கள் இரண்டு பேர் கற்றுக்கொண்டார்கள், இப்போது அவர்கள்தான் எழுதுகிறார்கள்.

முதலில் மேசையை உள்ளே போட்டபோது குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சத்தம் தாங்கவில்லை என்றார்கள். அது நியாயம். தாழ்வாரத்துக்கு மாற்றினோம். ஆனால் வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் தாழ்வாரத்தில் எப்படி வாய் திறப்பார்? நூலகர் தன் அறையைக் கொடுத்தார். அதைத் தொடக்கத்திலேயே யோசித்திருக்க வேண்டும்.

யாருடைய அசல் சான்றையும் ஆதார் நகலையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. மனு எண்ணையும் தேதியையும் மட்டும் ஒரு நோட்டில் குறித்து, மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். எழுதிக் கொடுத்துவிட்டு அத்தோடு விட்டால் 500 ரூபாய் வாங்கியவருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

உதவித்தொகை மனுக்கள் ஓரளவு நகர்கின்றன. பட்டா மனுக்கள்தான் அப்படியே நிற்கின்றன, பெரும்பாலும் நில அளவை முடியாமல். நோட்டில் அவற்றுக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறோம். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு, மனு கொடுத்தவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.