ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நாங்கள் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். ஸ்னெல்லிங் கோட்டை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று அப்போது தெரியாது, கண்ணில் பட்டதெல்லாம் பனிதான். ஷாக்கபி ஊரில் வாடகை வீடு. முதல் ஐந்து மாதம் வீடு, ஆபீஸ், இந்தியக் கடை, அவ்வளவுதான் வாழ்க்கை.

ஜூனில்தான் மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். மினசோட்டா ஆறு மிசிசிப்பியில் கலக்கிற இடத்தில், செங்குத்தான கரைமேல் சுண்ணாம்புக் கல்லில் கட்டியது. சுவர்களில் பெரும்பகுதி பிற்பாடு மறுபடி எழுப்பியது, வட்டக் கோபுரம் உட்படச் சில கட்டடங்கள் மட்டும் பழையதாகவே நிற்கின்றன. 1819-ல் வந்த சிப்பாய்கள் முதல் குளிர்காலத்தை ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் மரக்குடில்களில் கழித்தார்கள், புதிய காய்கறி கிடைக்காமல் ஸ்கர்வி நோய் வந்து பலர் செத்துப்போனார்கள். எனக்கும் அது முதல் குளிர்காலம் என்பதால் இதைப் படித்தபோது மனசு கனத்தது. அடுத்த வருடம் கர்னல் ஜோசையா ஸ்னெல்லிங் கட்டுமானத்தைத் தொடங்கினார், 1825-ல் அவர் பெயரையே கோட்டைக்கு வைத்தார்கள்.

இத்தனை கனமான சுவர் கட்டியும் அந்தக் கோட்டையை யாரும் ஒருமுறைகூடத் தாக்கவில்லை. ஆனால் அதற்குள் அடைபட்டு வாழ்ந்தவர்கள் உண்டு. அடிமை முறை சட்டப்படி கூடாது என்றிருந்த பகுதிதான் இது, அப்படியும் ராணுவ அதிகாரிகள் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1836-ல் ஒரு ராணுவ மருத்துவர் தன் அடிமையாகக் கூட்டிவந்த டிரெட் ஸ்காட் இங்கேதான் ஹாரியட் என்ற அடிமைப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். சட்டம் அனுமதிக்காத மண்ணில் வாழ்ந்ததைச் சொல்லித்தான் பிற்பாடு அவர்கள் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார்கள். கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று 1857-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. விசாவுக்காகத் தேதி எண்ணிக்கொண்டிருக்கிற நான் 'குடிமக்கள்' என்ற வார்த்தையில் அப்படியே நின்றுவிட்டேன்.

அப்புறம் 1862. இந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் நிலத்தை ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டு அரசு தரவேண்டிய பணத்துக்குக் காத்திருந்தார்கள், பணம் வரவில்லை, வியாபாரிகள் கடன் தர மறுத்தார்கள், பசி முற்றி ஆகஸ்டில் போர் வெடித்தது. போர் முடிந்ததும் சுமார் 1,600 பேரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்களை, நடத்திக் கூட்டிவந்து கோட்டைக்குக் கீழே ஆற்றங்கரையில் வேலி போட்டு அடைத்தார்கள். அம்மை வந்தது. வசந்தம் வருவதற்குள் 130-லிருந்து 300 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். அந்த டிசம்பர் 26-ல் மேன்கேட்டோ ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். மிஞ்சியவர்களை 1863-ல் படகேற்றி மாநிலத்தைவிட்டே அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு ஆறுகளும் சேருகிற அந்த இடத்தை டகோட்டா மக்கள் 'ப்டோட்டே' என்கிறார்கள். அவர்களில் பலருக்கு உலகமே தோன்றிய இடம் அது, அங்கேதான் முகாமும் இருந்தது.

ஷாக்கபி என்ற எங்கள் ஊர்ப் பெயரும் ஒரு டகோட்டாத் தலைவர் வரிசையின் பெயர்தான். அந்தப் பெயரைத் தாங்கிய ஒருவரை 1865-ல் இதே கோட்டையில் தூக்கிலிட்டிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்திலும் வங்கிப் படிவத்திலும் எத்தனை தடவை அந்தப் பெயரை எழுதியிருப்பேன், யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன டிசம்பரில் கீழே ஆற்றங்கரைக்கு இறங்கிப் போனோம். தடித்த ஜாக்கெட், பூட்ஸ், கையுறை எல்லாம் போட்டிருந்தும் பத்து நிமிடத்தில் மகளுக்கு விரல் மரத்துவிட்டது. "அந்தப் பிள்ளைங்களும் இங்கதான் இருந்தாங்களாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவள் காருக்குப் போகலாம் என்று சொல்லவில்லை, நான்தான் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன்.