மிதி துருத்தி வேலை செய்கிறது

இரும்பைக் காய்ச்சி அடிக்கும் என் உலைக்குக் காற்று ஊத இதுவரை வைத்திருந்த ஹேர் டிரையரைக் கழற்றியாயிற்று. இனி காலால் மிதித்துக் காற்று ஊதும் மிதி துருத்திதான். மாதிரி அகாரியா மக்களுடையது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம் தலைமுறை தலைமுறையாக இரும்புத் தாதிலிருந்து இரும்பு எடுத்தவர்கள். உலையில் லோகாசுரன், நெருப்பில் அக்யாசுரன், கரியில் கொய்லாசுரன் குடியிருப்பதாக அவர்களுக்கு நம்பிக்கை.

அவர்கள் மரத்தைக் குடைந்து செய்வார்கள். நான் பெயிண்ட் வாளிகள் இரண்டைக் குட்டையாக அறுத்துக்கொண்டேன். ஊறவைத்த தோலை வாய்மேல் தொளதொளவென்று போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நடுவில் குதிகால் மூடுகிற அளவுக்கு ஓர் ஓட்டை. தோலிலிருந்து ஒரு கயிறு, பின்னால் நட்டு வளைத்த மூங்கிலுக்குப் போகிறது. மிதித்தால் குதிகால் ஓட்டையை அடைத்துக் காற்றை உலைக்குத் தள்ளும். காலை எடுத்தால் மூங்கில் தோலை இழுத்துத் தூக்க, அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வரும். தனியாக வால்வே வேண்டாம். ஒன்று மட்டும் முக்கியம்: வாளியிலிருந்து வரும் காற்றுக் குழாயை உலையின் மண்குழலோடு சேர்த்துப் பூசிவிடக் கூடாது. கொஞ்சம் இடைவெளி விட்டால்தான் தோல் எழும்போது நெருப்பை உள்ளே இழுக்காது.

இடம், வலம், இடம், வலம் என்று மிதிக்க மிதிக்கக் கரி செவ்வாழை நிறத்திலிருந்து மஞ்சளுக்கு ஏறியது. மூச்சு வாங்க நின்றால் உடனே மங்கிவிடுகிறது. மிதிக்கிறவர் சுத்தியலைத் தொட முடியாது, ஆகவே இன்னோர் ஆள் வேண்டும். கொல்லுப்பட்டறை பல இடங்களில் குடும்பத் தொழிலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கெண்டைக்கால் சொல்கிறது.

கொல்லர் என்றதும் எல்லாரும் 'வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே' என்று புறநானூற்றை எடுப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது குறுந்தொகை 172. பிரிவில் தவிக்கும் தலைவி தன் நெஞ்சை, ஏழு ஊர்ப் பொதுவேலைக்காக ஓர் ஊரில் அமைந்த உலையின் 'மிதிதோல்', அதாவது துருத்தி, போல ஓய்வில்லாமல் வருந்துகிறது என்கிறாள். ஏழு ஊர்க் கொழுவும் அரிவாளும் ஒரே பட்டறைக்கு வந்தால் அந்தத் தோல் என்ன பாடுபட்டிருக்கும்! பாடிய கச்சிப்பேட்டு நன்னாகையார் பட்டறையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்றைச் சின்னக் கத்தியாக அடித்தேன். காய்கிற இரும்பில் காந்தம் ஒட்டாமல் போனால் சுமார் 770 டிகிரி செல்சியஸ் தாண்டிவிட்டது என்று கணக்கு. அதற்குமேல் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, கடினமாக எண்ணெயில் தோய்ச்சல். அப்புறம் தேய்த்துப் பளபளப்பாக்கி, நொறுங்காமல் இருக்க, மேலே வைக்கோல் நிறம் ஓடும்வரை மெதுவாகச் சூடு காட்டினேன். தேங்காய் நாரை ஒரே இழுப்பில் வெட்டுகிறது.

அடுத்து தாதிலிருந்தே இரும்பு எடுத்துப் பார்க்க ஆசை. அதற்கு மணிக்கணக்கில் காற்று நிற்காமல் போக வேண்டும். மாற்றி மாற்றி மிதிக்க ஆள் கிடைத்த பிறகுதான் அந்த உலைக்கு மண் குழைப்பேன்.