தண்ணீர்க் கவலை இல்லாத வீடு

என் அப்பாவும் என் மாமனாரும் போனில் பேசிக்கொண்டால் நலம் விசாரிப்பு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் அணைக்கட்டுதான். “சோலையாறு எவ்வளவு நிக்குது சம்பந்தி?” என்று அப்பா ஆரம்பிப்பார். வால்பாறை மலையில் இருக்கிற அந்த அணைக்கு 160 அடி என்பது நிறைந்த கணக்கு. ஆடி மாதத்தில் கேட்டால் மாமா கொஞ்சம் கூச்சத்தோடுதான் பதில் சொல்வார், ஏதோ சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிற மாதிரி. பதிலுக்கு அப்பா வைகை அணை நிலவரத்தைச் சொல்வார். அது 71 அடி. அதில் ஐம்பது தாண்டினாலே எங்கள் பக்கம் பேச்சில் ஒரு தெம்பு வந்துவிடும்.

எனக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். இராமநாதபுரம் மாவட்டம் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுமோ அதேதான்: கருவேல மரம், கண்மாய், நாலு குடம் வைக்கிற தள்ளுவண்டி. மாப்பிள்ளை வீடு வால்பாறை என்று தெரிந்ததும் அப்பா சாதி, சம்பளம், சொந்த வீடு எதையும் கேட்கவில்லை. “தண்ணி பஞ்சமில்லாத ஊரு” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாராம். சொந்த வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நாங்கள் இருப்பது கோவையில். பொள்ளாச்சி போய் அங்கிருந்து வால்பாறை பஸ். 64 கிலோமீட்டர்தான், ஆனால் ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். வயிறு புரட்டுகிறவர்களுக்கு அந்த எண்களைப் போல ஒரு கொடுமை கிடையாது. பன்னிரண்டில் இருக்கும்போது இன்னும் இருபத்தெட்டு என்று மனம் கணக்குப் போடும். ஒன்பதாவது வளைவில் கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும், பஸ்ஸில் பாதிப்பேர் எழுந்து நின்று படமெடுப்பார்கள். என் கணவர் அப்போதும் தூங்குவார். வரையாடு சாலையோரச் சுவரில் நின்று எங்களையே பார்த்தபோது உலுக்கி எழுப்பினேன். “அது டெய்லி நிக்கும்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர்கள் வீடு சோலையாறு போகிற வழியில் ஒரு எஸ்டேட்டில். பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏற வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கோத்த லைன் வீடுகள்: ஒரு திண்ணை, ஒரு அறை, பின்னால் அடுப்படி. ஒவ்வொரு கதவுக்கு மேலும் பெயிண்டில் எண். கல்யாணமான புதிதில் போனபோது நான் முதலில் பார்த்தது பின்பக்கக் குழாயைத்தான். அதிலிருந்து தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மலை மேலே எங்கோ ஊற்றிலிருந்து குழாய் போட்டிருக்கிறார்கள், மோட்டார் கிடையாது, தானாக இறங்கி வருகிறது. நான் போய் அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்து திறந்து விட்டார். நான் மறுபடி அடைத்தேன். “அடைச்சா மேல டியூப் கழண்டுக்கும் கண்ணு, ஓடட்டும்” என்றார். காரணம் புரிந்தது. ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ கடன் வாங்கிச் செலவு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

மழைக்காலத்தில் அந்த வீடு வேறு ஒரு வீடு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, எல்லாவற்றையும் புகையில் தொங்கவிடுவார்கள். ஆகவே ஜூலையில் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே மணம். விறகு, கவாத்து வெட்டின தேயிலைக் கட்டை. சில வருடங்களுக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள், அந்தக் கட்டைதான் நின்று எரிகிறது. வீட்டில் கேஸ் இருக்கிறது, பால் காய்ச்ச மட்டும். நான் அம்மா கொடுத்துவிட்ட முண்டு மிளகாயைக் கொண்டு போனேன், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சொத்து. அத்தை அதை ஒரு நாள்கூட டப்பாவில் விட்டுவைக்கவில்லை. இந்த ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும் என்று நேராக அடுப்புப் பரணில் ஏற்றிவிட்டார். அவர்களுக்கு மிளகாய் என்றால் காந்தாரி. வேலியோரம் தானாக முளைத்துக் கிடப்பதை நாலைந்து பறித்து, சின்ன வெங்காயம், புளி, உப்பு வைத்து நசுக்கி, வேகவைத்த மரவள்ளிக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். கூடவே கட்டன் சாயா, அதாவது பாலில்லாத டீ. எங்கள் மிளகாய் குழம்புக்கு, அவர்கள் மிளகாய் கண்ணீருக்கு என்று சமாதானமாகிவிட்டோம்.

அட்டையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். உப்பு வைத்துக் கட்டிய துணி முடிச்சைக் காலில் தேய்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

யானை விஷயம் வேறு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்டுவிட்டு வைத்துவிட்டார். “மூணு நிக்குதாம், கீழ் டிவிஷன் பக்கம். கதவைச் சாத்து.” பதிவு செய்த குரல் அது. எந்த எஸ்டேட் பக்கம் யானை நிற்கிறது என்று சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்குப் போனிலும் குறுஞ்செய்தியிலும் சொல்லிவிடுகிறார்கள். முக்கியமான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கும் உண்டு, யானை பக்கத்தில் இருந்தால் எரியும். வேலை முடிந்து இருட்டில் வருகிறவர்கள் தூரத்திலேயே பார்த்து நின்றுகொள்வார்கள். காட்டை ஆராய்கிற ஒரு குழு வனத்துறையோடு சேர்ந்து பல வருடங்களுக்கு முன்பு தொடங்கிய ஏற்பாடு. யானைக்கு வேண்டியது பெரும்பாலும் அரிசி. ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக்கூடக் கதவையும்தான் இடிக்கும். மாமா இதையெல்லாம் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். சிறுத்தையைப் பற்றி மட்டும் அவர் அப்படிப் பேசுவதில்லை. லைனில் எந்தக் குழந்தையும் பொழுது சாய்ந்தபின் வாசலில் இல்லை என்பதைக் கவனித்தால் போதும்.

அத்தை கொழுந்து எடுக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல். விரல் ரேகையெல்லாம் கறுப்புக் கோடு, எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. மாமா ஃபேக்டரியில் ட்ரையரில் நின்றவர், ஓய்வு பெற்றுவிட்டார். சுமார் நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது அவருடைய உலகக் கணக்கு. அந்தப் பக்கம் போனால் நான் பச்சையைப் பார்ப்பேன், அவர் மூக்கை உயர்த்தி “இலை இன்னும் வாடல” என்பார். நாங்கள் கோவையில் வாங்கும் அழகான பாக்கெட் டீயை ஒருமுறை பிரித்து மோந்துவிட்டு, மரியாதையாக மூடி வைத்தார்.

ரோட்டோரம் வண்டியை நிறுத்திப் படமெடுப்பவர்களை அத்தைக்குப் பிடிக்கும், ஒரு வேடிக்கையாக. ஒரு பெண் இறங்கி வந்து, “கூடை இல்லையா அக்கா? கூடையோட ஒரு போட்டோ” என்று கேட்டதாம். இப்போது முக்கால்வாசி வெட்டு கத்திரியில். அதிலேயே பை மாட்டியிருக்கும், நிரம்பினால் சாக்கில் கொட்டிக்கொள்ளலாம். மேலே பிளாஸ்டிக் தாள், காலில் ரப்பர் பூட்ஸ். அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றமாகிவிட்டது. “அடுத்த தடவை கூடை வாங்கி வெச்சுக்கறேன்னு சொல்லி அனுப்பினேன்” என்று அத்தை சிரித்தார்.

இனி அந்தச் சொந்த வீட்டு விஷயம். 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, வேலையில் இருக்கிறவர்களுக்கு நிர்வாகம் வீடு கொடுக்க வேண்டும். வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். மாமாவின் தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து காடு வெட்ட வந்தவர். இத்தனை தலைமுறை இருந்தும், அங்கே அவர்கள் பெயரில் ஒரு சென்ட் இல்லை. மாமா ஓய்வு பெற்றபோது வீடு அத்தை பெயருக்கு மாறியது. அத்தைக்கும் ஓய்வு நெருங்குகிறது. மகனோ கோவையில் பம்பு கம்பெனியில். அங்கே வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டார்கள். 2001 கணக்கெடுப்பில் 95 ஆயிரம் பேர் அளவில் இருந்த வால்பாறை, 2011-இல் 71 ஆயிரம் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இப்போது ஜார்க்கண்ட் குடும்பம். அந்த வீட்டுச் சின்னவன் அத்தையிடம் வந்து, “பாட்டி, கெழங்கு” என்று சுத்தமான வால்பாறைத் தமிழில் கேட்கிறான்.

திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 99 வருடக் குத்தகை 2028-இல் முடிகிறது என்று, 2024-இலேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திய செய்தி வந்தபோது மாமா டிவியை விட்டு நகரவில்லை. அவர்கள் எஸ்டேட்டில் அப்படிப் பேச்சு எதுவும் இல்லை. இருந்தாலும் அதற்கப்புறம்தான் இடம் தேடும் பேச்சு வேகம் பிடித்தது. சேமிப்பையும் மாமாவுக்கு வந்த பணத்தையும் வைத்து, கிணத்துக்கடவு பக்கம் மூன்று சென்ட் பார்த்தார்கள். புரோக்கர் காட்டிய இடத்தை மாமாவுக்கும் என் கணவருக்கும் பிடித்துவிட்டது. பஸ் போகிற ரோடு, பக்கத்தில் பள்ளிக்கூடம், பட்டா சுத்தம். கார்னர் மனை வேறு.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் என்னையும் கூட்டிப் போனார்கள், மருமகள் பார்க்க வேண்டாமா என்று அத்தை சொன்னதால். நான் மனையைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் நீல டிரம். சில வீட்டில் இரண்டு, மூன்று. மண் ரோட்டில் கனமான டயர் தடம், திருப்பத்தில் அப்படியே பள்ளமாகியிருந்தது. லோடு ஏற்றிய லாரி அங்கே எதற்கு வர வேண்டும்? ஒரு வீட்டில் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா டம்ளரில் முக்கால் அளவு கொடுத்தார். எங்கள் ஊரிலும் விருந்தாளிக்கு முக்கால்தான், மிச்சம் வைத்தால் வீணாகுமே. பேச்சுக் கொடுத்தேன். போர் 900 அடி, கோடையில் காற்றுதான் வருகிறது, டேங்கர் சொன்னால் இரண்டு நாள் கழித்து வரும் என்றார்.

வண்டியில் வரும்போது, வேண்டாம் என்றேன். “ஊரெல்லாம் குடியிருக்குதே” என்றார் மாமா. இந்த மலையில் பெய்கிற மழை சோலையாறு, பரம்பிக்குளம், ஆழியாறு என்று இறங்கி பொள்ளாச்சி, உடுமலை வயலுக்கெல்லாம் போகிறது, கீழே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் இல்லாமலா போகும் என்பது அவர் எண்ணம். வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் போகவில்லை என்று அவர் பார்க்கவேண்டியிருந்ததே இல்லை. மழையைப் பார்த்தே வளர்ந்தவருக்கு, வாளியை எண்ணத் தெரியாது. எனக்கு யானை போனில் பேசுவது எவ்வளவு புதிதோ அவ்வளவு புதிது அவருக்கு அந்த நீல டிரம்.

புரோக்கருக்குக் கோபம். என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், நல்ல விலை போய்விட்டதாம். அத்தை மட்டும் எதுவும் சொல்லாமல் பரணிலிருந்து மிளகாயை இறக்கி, எங்கள் ஊர்க் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டார். அதை நான் ஒரு ஓட்டாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஆனைமலை பக்கம், வாய்க்காலுக்குக் கிட்டே ஒரு இடம் வந்திருக்கிறது. இரண்டரை சென்ட்தான், விலையும் கூட. மாமா அப்பாவிடம் போனில் ஆலோசனை கேட்டிருக்கிறார்; அணை நிலவரம் தவிர அவர்கள் வேறு விஷயம் பேசியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: “பக்கத்துக் கெணத்துல கயிறு விட்டுப் பாருங்க, சித்திரையில பாருங்க.” சித்திரை வரைக்கும் விற்பவர் காத்திருக்க மாட்டார். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமா மலை இறங்கி வருகிறார். கயிறும் கல்லும் நான் எடுத்துக்கொண்டு போக வேண்டும், புரோக்கரிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று உத்தரவு.